விதிகளில் இடமில்லை

34 ஆண்டு அரசுப் பணியில் நான் அதிகம் எழுதிய வாக்கியம் எது என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: ‘மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. அதனை ஏற்க விதிகளில் இடமில்லை.’ மருத்துவச் செலவைத் திருப்பிக் கேட்டு வரும் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். அது அழகான வாக்கியம். பரிசீலித்தவன் யார் என்று அதில் இருக்காது. மறுத்தவன் யார் என்றும் இருக்காது. விதி என்ற பெரியவர் எங்கோ உட்கார்ந்திருக்கிறார், அவர் வீட்டில் இடமில்லை, நாம் என்ன செய்ய? எழுதியவனுக்குப் பாவமும் இல்லை, பழியும் இல்லை. ஐந்தே முக்காலுக்குப் பேனாவை மூடிவிட்டு பஸ் பிடிக்கலாம்.

இப்போது நான் ஓய்வூதியன். ஆளைப் பார்த்தால் பழைய சகாக்களும், இன்னும் சர்வீஸில் இருக்கும் பிள்ளைகளும் கேட்பது ஒரே கேள்விதான்: “சார், நம்ம மாதிரி ஆளுங்க ஹெல்த் இன்ஷூரன்ஸ் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? பல்லு, கண்ணு எல்லாம் சேர்த்து வர மாதிரி?” தேர்ந்தெடுக்கலாமாம்! பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று மூன்று முடிச்சும் போட்ட பிறகு கேட்கிற மாதிரி. ஆனாலும் அனுபவஸ்தன் என்று நம்பிக் கேட்கிறார்கள். வழிகாட்டாமல் இருக்கக் கூடாது.

முதலில் காசு. தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2022 ஜூலை 1 அன்று நான்கு ஆண்டுகளுக்கென்று தொடங்கியது. அதில் மாதச் சந்தா 497 ரூபாய். 2018-இல் அது 350 ஆக இருந்தது. நீங்கள் போய்க் கட்ட வேண்டிய சிரமம் கிடையாது, ஓய்வூதியத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பிடித்தத்தில் மட்டும் முன் அனுமதி, மறு பரிசீலனை, ஆவணக் குறைபாடு எதுவும் வராது. சூரியன் ஒருநாள் தவறினாலும் 497 தவறாது.

அதே ஓய்வூதியப் பட்டியலில் மேலே இன்னொரு வரி இருக்கிறது: மருத்துவப்படி, 300 ரூபாய். 2017-இல் நூறிலிருந்து முந்நூறாகத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு மாத்திரை விலையெல்லாம் ஏறவேயில்லை என்று யாரோ குறிப்பு வைத்திருக்க வேண்டும். நாளைக்குப் பத்து ரூபாய். இதில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் நாங்கள் மருந்து வாங்கிச் சாப்பிட வேண்டும். மிச்சமிருந்தால் டீ குடிக்கலாம். ஆக, என் ஆரோக்கியத்துக்கென்று அரசு மாதம் 300 தருகிறது, என் ஆரோக்கியத்துக்கென்றே 497 எடுத்துக்கொள்கிறது. நான் ஆரோக்கியமாக இருப்பதற்கு அரசுக்கு மாதம் 197 ரூபாய் கடன்பட்டிருக்கிறேன். பணியில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். 2021-இல் வந்த திட்டத்தில் அவர்களுக்குச் சந்தா 300, படியும் 300. கொடுத்த கை எடுத்த கை கணக்கில் ஒரு பைசா பிசகில்லை. கருவூலக் கணக்கு என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

அடுத்து, நோயைத் தேர்ந்தெடுப்பது. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உடம்பு சொல்வதைக் கேட்டு நோயில் விழக் கூடாது, அரசாணையின் இணைப்பைப் படித்துவிட்டு விழ வேண்டும். அங்கீகரித்த சிகிச்சைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. மருத்துவமனையில் படுத்தால்தான் காப்பீடு. நிற்கிறவனுக்கு, நடக்கிறவனுக்கு, டாக்டரைப் பார்த்துவிட்டுச் சீட்டோடு வீடு திரும்புகிறவனுக்குக் கிடையாது. அறுபது வயதுக்கு மேற்பட்டவன் மாதாமாதம் செலவழிப்பது சீட்டுக்கும் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும்தான் என்பது எந்த மருந்துக்கடைப் பையனுக்கும் தெரியும். அரசுக்குத் தெரியாது. மாத்திரை வாங்கக் காசில்லாமல் விட்டுவிட்டு, பக்கவாதம் வந்து விழுந்தீர்களானால் கவலை வேண்டாம். அப்போது நீங்கள் தகுதி பெறுகிறீர்கள்.

காலத்தையும் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். உச்சவரம்பு 5 லட்சம். குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம். இது ஓர் ஆண்டுக்கு அல்ல, நான்கு ஆண்டுக்கு, அதுவும் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து. எனவே புத்தியுள்ள தம்பதி திட்டமிட்டுக்கொள்ள வேண்டும்: முதல் இரண்டு ஆண்டு அவருக்கு இருதயம், அடுத்த இரண்டு ஆண்டு அம்மாவுக்கு முழங்கால். முதல் வருஷமே தொகை தீர்ந்துவிட்டால் நான்காம் வருஷம் ஜூன் 30 வரை கல் மாதிரி இருக்க வேண்டும். ஜூலை 1 விடிந்ததும் விழுந்துகொள்ளலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். ஏழைக்குக் கொடுப்பதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை, இன்னும் கொடுக்கட்டும். ஏழையின் ஈரல் ஒவ்வோர் ஆண்டும் கெடலாம், குமாஸ்தாவின் ஈரல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் கெட வேண்டும் என்று கண்டுபிடித்த அந்த மருத்துவ மேதை யார் என்பதுதான் என் கேள்வி.

பணியில் இருப்பவர்களுக்குக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் உண்டு. கல்யாணம் ஆகாத ஊழியரின் அம்மா அப்பா அவருடைய குடும்பம். தாலி ஏறிய நிமிடத்தில் அவர்கள் குடும்பத்திலிருந்து இறங்கிவிடுகிறார்கள். மருமகள் வந்து மாமியாரை விரட்டினாள் என்று ஊரில் பேசுகிறோமே, பாவம் அந்தப் பெண். அவள் பந்தலை விட்டுக் கிளம்புவதற்குள்ளேயே அரசாணை விரட்டியாகிவிட்டது.

இப்போது பல்லுக்கு வருவோம். கடைவாய்ப் பல் ஒன்று ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும் என்றார் பல் டாக்டர். சட்டைப்பையிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதை, ஏதோ பழைய சினிமா டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது பல்லுக்குச் செல்லாது சார்.”

“எந்தப் பல்லுக்கும்?”

“விபத்துல அடிபட்டு, ஆஸ்பத்திரில அட்மிட் ஆனீங்கன்னா பேசிப் பார்க்கலாம். பொதுவா எல்லா இன்ஷூரன்ஸும் அப்படித்தான்.”

ஆக, பல்லுக்குக் காப்பீடு வேண்டுமென்றால் மாடிப்படியிலிருந்து குப்புற விழ வேண்டும். முகம் முழுக்கப் போனால் பல்லும் கூட வரும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அரசு தெரிந்தேதான் விட்டிருக்கிறது. சொல் போன ஓய்வூதியன் கோரிக்கை முழக்கம் போடமாட்டான் அல்லவா?

பல்லுக்கு இந்த அவமானம் இங்கே மட்டும்தானா என்றால் இல்லை. அமெரிக்காவில் ஒன்றிய அரசு வேலையில் இருக்கும் என் தம்பி மகள் நவம்பர் வந்தால் தலையைப் பிய்த்துக்கொள்வாள். ஆண்டுதோறும் நவம்பர், டிசம்பரில் நான்கு வாரம் அவர்களுக்குத் திட்டம் மாற்றிக்கொள்ளும் காலம். “பெரியப்பா, எத்தனை பிளான்! ஒவ்வொண்ணுக்கும் புத்தகம் புத்தகமா விதி!” என்பாள். உடம்புக்கான சந்தாவில் ஏறக்குறைய முக்கால் பங்கை அங்கே அரசு போடுகிறது. பல்லுக்கும் கண்ணுக்கும் 2006 முதல் தனித் திட்டம், அதில் அரசின் பங்கு பூஜ்யம், முழுச் சந்தாவும் அவள் தலையில். ஓய்வுக்குப் பிறகும் உடம்புக் காப்பீடு தொடர வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஐந்து ஆண்டு விடாமல் அதில் இருந்திருக்க வேண்டும். அங்கே தேர்வு அதிகமாகித் திணறுகிறாள், இங்கே தேர்வே இல்லாமல் திணறுகிறேன். இரண்டு தேசத்து அரசாங்கத்துக்கும் ஒன்றில் மட்டும் ஒற்றுமை: பல் என்பது உடம்பில் இல்லை. வாய்க்குள் வாடகைக்குக் குடியிருக்கிறது.

கண் விஷயத்தில் எங்கள் அரசு தாராளம். கண்புரை அறுவைக்கு ஒரு கண்ணுக்கு 30,000 ரூபாய் வரை உண்டு. சந்தோஷமாக ஒரு தனியார் கண் மருத்துவமனைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, கண்ணில் என்ன என்பதல்ல.

“அங்கிள், கார்டா, கேஷா?”

கார்டு என்றேன். அந்தப் பெண்ணின் முகத்தில் புரை விழுந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டையை மேஜையில் வைத்தாள். லென்ஸ் வகைகள், விலைகள். மேலே போகப் போக விலையும் படத்தில் இருக்கும் பாட்டியின் சிரிப்பும் கூடிக்கொண்டே போயின. கடைசி வரியில் விரலை வைத்து, “உங்களுக்கு இது. கார்டு லென்ஸ்” என்றாள். அந்த வரிக்குப் பாட்டியே இல்லை.

“இதுல தெரியுமாம்மா?”

“நல்லாத் தெரியும் அங்கிள். படிக்கிறதுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கணும்.”

“கண்ணாடி கார்டுல வருமா?”

பதில் சொல்லாமல் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். பார்க்கலாம், படிக்க முடியாது. அரசு ஊழியனுக்குச் சரியான லென்ஸ்தான். வாழ்நாள் முழுக்க கோப்புகளை அப்படித்தானே பார்த்தோம்?

இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மதுரையில் அரசு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு தருகிறவரிடம் வாங்கி, இல்லாதவருக்கு இலவசமாக அறுத்துப் பார்வை கொடுத்தார்கள். வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992-இல் ஆரோலேப் என்று சொந்தத் தொழிற்கூடம் வைத்து இங்கேயே லென்ஸ் செய்து விலையைத் தரைக்கு இறக்கினார்கள். ஓய்வு பெற்ற ஓர் அரசு ஊழியரால், விரல்கள் வாதத்தால் கோணிப்போன நிலையில், இவ்வளவு செய்ய முடிந்தது. ஓய்வே பெறாத ஓர் அரசாங்கம், பத்து விரலும் நேராக இருந்தும், 497-ஐ மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

“ஏன், அரசு மருத்துவமனை இல்லையா?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. பல் பிடுங்குவதிலிருந்து இருதயம் வரை காசில்லாமல் பார்க்கிறார்கள், நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள். என் கோபமே அதுதான். இவ்வளவு பெரிய கடையை வைத்திருக்கும் முதலாளி, தன் வேலைக்காரர்களிடம் மாதாமாதம் வசூலித்து எதிர்க்கடைக்கு டோக்கன் வாங்கித் தருகிறார். எதிர்க்கடைக்காரரோ டோக்கனைப் பார்த்ததும், “சரக்கு இல்லையே” என்கிறார்.

எதிர்க்கடையில் சரக்கு இருந்தாலும் பொட்டலத்தில் ஓட்டை இருக்கும். காப்பீட்டு உலகத்தில் ‘இதற்கெல்லாம் பணம் தர வேண்டியதில்லை’ என்று ஒரு பொதுப் பட்டியல் உண்டு. தண்ணீர் பாட்டில், நோயாளிக்குக் கட்டும் டயப்பர், ஜெராக்ஸ் கட்டணம், ஊன்றுகோல், பிணவறைக் கட்டணம். நடக்க முடியாதவனுக்கு ஊன்றுகோல் இல்லை, செத்தவனுக்குப் பிணவறை இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள், பார்க்கலாம் என்கிறது பட்டியல்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நானும், அந்த ராத்திரி வரும் வரைக்கும்.

இரண்டு மணி இருக்கும். “என்னங்க, நெஞ்சை என்னமோ பண்ணுது” என்றாள் என் மனைவி. நைட்டி முழுக்க வேர்வை. மகனுடைய மோட்டார் சைக்கிளா, ஆட்டோவா, ஆம்புலன்ஸா? பட்டியலில் உள்ள மருத்துவமனை பதினெட்டு கிலோமீட்டர். பட்டியலில் இல்லாதது மூன்று தெரு தள்ளி. அரசு சொல்லும் தேர்வு என்பது வாழ்க்கையில் ஒரே ஒருமுறை உண்மையாகவே என் முன்னால் வந்து நின்றது. மூன்று தெருவைத் தேர்ந்தெடுத்தேன். வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் வரக் கால் மணி ஆகும் என்றார்கள். “நான் நடக்கிறேன்” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அவளே ஏழு படி ஏறினாள். விடிவதற்குள் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். பிழைத்தாள். நகையை வைத்துப் பில் கட்டினேன். இரண்டு லட்சத்துக்கு மேல்.

ஆவணங்களை அடுக்கி விண்ணப்பித்தேன். அந்த வேலையை என்னைவிட யார் நன்றாகச் செய்ய முடியும்? பக்கத்துக்குப் பக்கம் எண், ஒவ்வொரு பில்லிலும் கையொப்பம். சில மாதம் கழித்துப் பதில் வந்தது. நோயாளி ‘நடந்து வந்தார்’ என்று கேஸ் ஷீட்டில் இருப்பதால் அவசர நிலை நிரூபிக்கப்படவில்லை. கீழே: ‘மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. அதனை ஏற்க விதிகளில் இடமில்லை.’

ஒரு புள்ளி மாறவில்லை. என் வாக்கியம், என் வீட்டு முகவரிக்கே வந்திருந்தது.

அப்போதுதான் அந்த டீச்சரம்மா நினைவுக்கு வந்தார். பல வருஷம் முன்பு, கணவரின் சிறுநீரகச் செலவுக்கு விண்ணப்பித்தவர். சிகிச்சை அவசியம்தான் என்று டாக்டர் தரும் எசென்ஷியாலிட்டி சான்றில் ஒரு தேதி விட்டுப்போயிருந்தது. என் மேஜைக்கு முன்னால் மஞ்சள் பையோடு நின்றார். நான் தலை நிமிரவில்லை. “விதியில இல்லம்மா” என்றேன். “அவரே இல்லையே சார் இப்ப” என்றார். அதற்கும் நான் நிமிரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

ஓய்வூதியர் சங்கத்துச் செயலாளரிடம் கடிதத்தைக் காட்டினேன். “அண்ணே, கலெக்டர் தலைமையில கமிட்டி இருக்கு, மேல்முறையீடு போடுங்க. அதுக்கும் மேல கோர்ட் இருக்கு” என்றார். இருக்கிறதுதான். சிவகாந்த் ஜா என்ற ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: மருத்துவமனை அரசின் பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டும் பணத்தை மறுக்கக் கூடாது, சிகிச்சை உண்மையில் நடந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றமும் மதுரைக் கிளையும் நம்மூர் ஓய்வூதியர்களுக்கு இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டன. தீர்ப்பு வந்தால் அந்த ஒரு மனுதாரருக்கு மட்டும் பணம் கொடுப்பார்கள். அடுத்த கிழவன் தானே ஒரு வக்கீலைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். நீதிமன்றம் விளக்கேற்றுகிறது, அலுவலகம் ஊதி அணைக்கிறது, மறுபடி ஏற்றக் கிழவனிடம் தீப்பெட்டி கேட்கிறது.

இதில் எவனுக்கும் லாபமில்லாமலா நடக்கிறது? எழுபது வயதுக்காரன் எத்தனை முறை படியேறுவான் என்று எங்களுக்குத் தெரியும். ‘எங்களுக்கு’ என்றே சொல்கிறேன், நானும் அந்தக் கூட்டந்தானே. மறுக்கப்படுகிற பத்துப் பேரில் எத்தனை பேர் மேல்முறையீடு போடுவார்கள், அதில் எத்தனை பேர் முடிவு வரும்போது உயிரோடு இருப்பார்கள் என்ற கணக்கு எந்த அரசாணையிலும் இருக்காது. ஆனால் அந்தக் கணக்கின் மேல்தான் இந்தக் கட்டடமே நிற்கிறது. எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை தள்ளுபடி, என்ன காரணத்துக்கு என்று மாவட்டவாரியாக மாதாமாதம் வெளியிடுங்கள். தள்ளுபடிக் கடிதத்தின் அடியில், பரிசீலித்தவரின் பெயரையும் பதவியையும் போடுங்கள். பெயர் போட வேண்டியிருந்தால் நானும் அந்த டீச்சரம்மாவை நிமிர்ந்து பார்த்திருப்பேன். பல்லும் கண்ணும் மாத்திரையும் உள்ள முழு உடம்புக்குக் காப்பீடு செய்யுங்கள். முடியாதென்றால், எந்தெந்த உறுப்புக்கு எவ்வளவு என்று பிரித்து, மீதி உறுப்புகளின் சந்தாவைத் திருப்பிக் கொடுங்கள்.

மனைவி இப்போது நன்றாக இருக்கிறாள். என் கடைவாய்ப் பல் போய்விட்டது, அரசு மருத்துவமனையில் ஐந்து நிமிடத்தில் பிடுங்கினார்கள், காசு வாங்கவில்லை. நேற்று மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் தானாக ஓடியது. எழுதி முடித்துப் படித்தால் அது மேல்முறையீடாக இல்லை. ஆனாலும் அடிக்காமல் அப்படியே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்:

‘தங்களின் காப்பீட்டுத் திட்டம் பரிசீலிக்கப்பட்டது. நெஞ்சு வலித்தால் ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருக்கவும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நோயுறவும், பல்லின்றிப் பிறக்கவும் மனித உடம்பின் விதிகளில் இடமில்லை. பரிசீலித்தவர்: கீழே கையொப்பமிட்டுள்ள ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்.’

34 ஆண்டில் முதன்முறையாக அந்த வாக்கியத்துக்குக் கீழே என் பெயரைப் போட்டேன்.